ஆமைக்கு கிரீஸ்... முதலைக்கு அமராவதி!

மாசி மாதம் எங்கள் கம்பெனியில் ஒரு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை ரவுண்ட் நெக் டி-ஷர்ட். நெஞ்சில் நீலக் கடல், கடலை ஒட்டி மணல், மணல்மேல் ஒரு ஆமை. அதற்குக் கீழே நெளிந்து நெளிந்து ஒரு ஊர்ப் பேர். செக்கிங்கில் பிசிறு வெட்டும் அக்கா ஒருத்தர் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏங் கண்ணு, இது எந்த ஊரு?"

நான் அக்கவுண்ட்ஸ் ஆள். சரக்கு எந்த ஊருக்குப் போகிறது என்பது பில் போடுகிற அளவுக்குத்தான் தெரியும். "ஜாகிந்தோஸ்ங்க அக்கா. கிரீஸ் நாட்டுல ஒரு தீவு."

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. இவன் என்னடான்னா நெஞ்சுல ஒட்டீட்டுத் திரியறான். அந்த ஊருல அந்தப் பழமொழி இல்லையாட்ட இருக்குது!"

அக்கா அடுத்த பீஸை எடுத்துவிட்டார். எனக்குத்தான் ஆமை மண்டைக்குள் புகுந்துவிட்டது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மெர்ச்சன்டைசர் நண்பனிடம் கேட்டேன். அவன் பையர்களோடு இங்கிலீஷில் மல்லுக்கட்டுகிறவன். உலக ஞானம் ஜாஸ்தி. செல்போனைத் தேய்த்துக் காட்டினான்.

பார்த்தால்... அடடா! கிரீஸ் நாட்டில் சின்னதும் பெரியதுமாக ஆறாயிரம் தீவு இருக்கிறதாம். மனுஷன் குடியிருப்பது அதில் சுமார் 227-ல்தான். மிச்சமெல்லாம் ஆடும் காற்றும். ஜாகிந்தோஸ் குடியிருக்கிற தீவு. அதன் தெற்கே லகானாஸ் என்று ஒரு வளைகுடா. ஒரு பக்கம் ராத்திரியெல்லாம் ஆட்டம் பாட்டம். இன்னொரு பக்கம் ஆள் அரவமில்லாத மணல். அந்த அமைதியான மணலில் ஒரு துண்டுக்குப் பேர் ஜெராகாஸ். பக்கத்துக் கிராமம் வாசிலிகோஸ். ஆலிவ் தோப்பும் நாலு வீடும் இரண்டு சாப்பாட்டுக் கடையுமாக இருக்கிறது.

ஏன் அங்கே மட்டும் அமைதி? அங்கேதான் வருகிறார் நம்ம டி-ஷர்ட் கதாநாயகர்! பெருந்தலைக் கடலாமைகள் மத்தியதரைக் கடல் முழுக்கச் சுற்றிவிட்டு, முட்டையிட அந்த மணலுக்குத்தான் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை. அதனால் 1999-ல் கடலையும் கரையையும் சேர்த்து தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். ஜெராகாஸில் சூரியன் மறைந்தால் மனுஷன் எழுந்து போய்விட வேண்டும். மறுநாள் சூரியன் வந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். பகலிலும் அலையை ஒட்டி ஐந்து மீட்டருக்குள்தான் குடை நடலாம். அதற்கு மேலே மணலில் முட்டை இருக்கும், குடைக்கம்பி குத்திவிடும். பக்கத்திலேயே செகானியா என்று இன்னொரு கரை. அங்கே சுற்றுலாக்காரனுக்கு எப்போதுமே அனுமதி கிடையாது.

"பீச்சுக்கு ஷிப்ட் டைம் போட்டிருக்கானுங்க பாரு மாப்ளே! டே ஷிப்ட் மனுஷனுக்கு, நைட் ஷிப்ட் ஆமைக்கு" என்றான் நண்பன்.

திருப்பூர்க்காரனுக்குப் புரிகிற மாதிரி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் சரக்கு ஐரோப்பா பூரா கடற்கரையில் வெயில் காய்கிறது. தைக்கிற எங்களுக்குக் கடல் கிடையாது. இருந்தது ஒரு ஆறு, நொய்யல். அதில் இன்றைக்கு என்ன கலர் தண்ணீர் போகிறது என்று பார்த்து, எந்தச் சாயப்பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லக்கூடிய காலம் இருந்தது. 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் விவசாயத்துக்கென்று ஒரு அணை கட்டினார்கள். அதில் வந்து நின்றது சாயத் தண்ணீர். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஊரே ஆடிப்போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம்தான் சாயக் கழிவில் ஒரு சொட்டுகூட ஆற்றுக்கு விடக்கூடாது என்பது எங்களுக்கு உறைத்தது. ஆக, 'தண்ணிக்கரையில் போய் உட்காரலாம் வா' என்று திருப்பூரில் யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

கூப்பிட்டவர் எங்கள் கட்டிங் மாஸ்டர்.

"ஏந் தம்பி, அந்த ஆமைப் படத்தையே எத்தன நாளைக்குப் பாத்துட்டு இருப்பீங்க? நம்ம மாவட்டத்துலயே பீச் இருக்குது. ஞாயித்துக்கெழம வாங்க, காட்டறேன்."

மாஸ்டருக்குச் சொந்த ஊர் கல்லாபுரம் பக்கம். உடுமலைக்குத் தெற்கே, அமராவதி அணைக்கு அடியில். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானபோது உடுமலையும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதுவரை கோயம்புத்தூர்க்காரராக இருந்த மாஸ்டர், ஒரு ராத்திரியில் திருப்பூர்க்காரர் ஆனார். கூடவே ஒரு அணையையும் மலையையும் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். மாஸ்டர் வேட்டி சட்டை. நான் பேன்ட். நண்பன் மட்டும் முக்கால் டவுசர், கூலிங் கிளாஸ், தோளில் பூத்துண்டு, பையில் வெயிலுக்குப் பூசும் க்ரீம் என்று சாட்சாத் ஏதென்ஸில் இறங்குகிற மாதிரியே வந்திருந்தான். பல்லடத்தில் ஏறிய ஒரு பாட்டி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏஞ் சாமி, பேன்ட்டுக்குத் துணி பத்தலையா?" என்றார். "பனியன் கம்பெனில இருக்கறவனுக்கே துணி பத்தலையாம்" என்று மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். குடிமங்கலம் வரைக்கும் நண்பன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அங்கே காற்றாலைகள் அவனைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தன.

உடுமலையில் டீ குடித்துவிட்டு வேறு பஸ். குறிச்சிக்கோட்டை தாண்டினால் தென்னந்தோப்பு. எதிரே மலை நெருங்கி நெருங்கி வந்து, ஒரு கட்டத்தில் பஸ்ஸின் முன் கண்ணாடி முழுக்க மலைதான். அதுதான் அமராவதி நகர். நகர் என்றதும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அணை, அணையை ஒட்டிய குடியிருப்பு, 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளி, சில கடைகள், நிறைய மரம். அவ்வளவுதான். ராணுவத்துக்குப் போகப்போகிற பையன்கள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். நண்பன் தன் முக்கால் டவுசரைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

அணை மேலே ஏறினோம். ஏறிய பிறகு மூன்று பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூன்று பக்கமும் மலை. நடுவில் தண்ணீர். கோடை தொடங்குகிற நேரம் என்பதால் நீர்மட்டம் இறங்கி, எதிர்க்கரையில் பழுப்பு நிறத்தில் அகலமாக மணலும் மண்ணும் வெளியே வந்திருந்தன. ஒரு மனுஷன் இல்லை, ஒரு குடை இல்லை. ஒரு சுண்டல்காரர்கூட இல்லை. தண்ணீரில் மேகம் போய்க்கொண்டிருந்தது. டி-ஷர்ட்டில் இருக்கிற அதே படம்தான். நீலத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை கலந்திருந்தது.

இந்த அணையை 1957-ல் கட்டி முடித்தார்கள். முழு உயரம் 90 அடி, கொள்ளளவு சுமார் 4 டி.எம்.சி. மேட்டூரைப் பார்த்தவனுக்கு இது தொட்டி மாதிரி. ஆனால் திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஐம்பத்து நாலாயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பித்தான் விதைக்கிறார்கள். தண்ணீர் வருவது மேலே மலையிலிருந்து. பாம்பாறு, சின்னாறு, தேனாறு. இதில் பாம்பாறு கொஞ்சம் விசேஷமான பேர்வழி. கேரளத்து ஆறெல்லாம் மேற்கே கடலைப் பார்த்து ஓட, மூன்றே மூன்று ஆறு மட்டும் முரண்டு பிடித்துக் கிழக்கே திரும்பும். கபினி, பவானி, இந்தப் பாம்பாறு. தென்மேற்குப் பருவமழை மலை உச்சியில் கொட்டினால், இங்கே வெயில் அடிக்கும்போதே அணை நிறையும். அப்போது இந்தக் கரை காணாமல் போய்விடும். மழை ஓய்ந்து வெயில் ஏறும்போது மறுபடி வெளியே வரும். ஆக, இது வருஷத்தில் சில மாதம் மட்டும் இருக்கிற பீச்!

நண்பனுக்குப் பொறுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கரையோரமாக இறங்குகிற தடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். பத்தடி போயிருப்பான். பின்னாலிருந்து விசில்.

காக்கி கலந்த பச்சை உடுப்பு, கையில் தடி, காலில் ரப்பர் செருப்பு. வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர். வயசு முப்பதுக்குள்தான் இருக்கும்.

"எங்கீங்க போறீங்க?"

"குளிக்கத்தான்..."

"அந்த மணல்ல என்ன இருக்குதுன்னு பாத்தீங்களா?"

"என்ன, நாலஞ்சு மரக்கட்டை கெடக்குது."

"நல்லாப் பாருங்க."

பார்த்தோம். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு ஒதுங்கிய கட்டைகள் மாதிரிதான் இருந்தது. அதில் ஒரு கட்டை, மெதுவாக, வாயைத் திறந்தது!

நண்பன் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தான். அன்றைக்கு அதை மறுபடி வெளியே எடுக்கவே இல்லை.

தென்னிந்தியாவில் நன்னீர் முதலைகள் காட்டில் தானாக வாழ்ந்து பெருகுகிற முக்கியமான இடம் இந்த அமராவதி நீர்த்தேக்கம். இது சிங்கத்துக்கும் புலிக்கும் சமமான சட்டப் பாதுகாப்புள்ள பிராணி. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் நம்மைக் கூப்பிடுகிறது என்று அர்த்தமில்லை. அதற்கு வேர்க்காது, உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொள்ள அதுதான் வழி. மாசி, பங்குனியில் கரையில் குழி தோண்டி இருபத்தைந்து, முப்பது முட்டை இடும். மண்ணை மூடிவிட்டுப் பக்கத்திலேயே காவல் இருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதம். உள்ளே குஞ்சுகள் 'கீச் கீச்' என்று கத்துகிற சத்தம் கேட்டதும் தாயே மண்ணைத் தோண்டி, வாயில் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் விடும். அந்த வாய்க்குள் குஞ்சுக்குக் கீறல்கூட விழாது.

இன்னொரு சங்கதி. குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை அப்பனும் ஆத்தாளும் தீர்மானிப்பதில்லை. மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. முதலைக்கு 32 டிகிரி ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஆண், அதற்கும் கீழே என்றால் பெண். ஜாகிந்தோஸ் ஆமைக்கும் இதே கதை, அங்கே சூடு கூடினால் பெண். கிரீஸ்காரன் ஏன் ஐந்து மீட்டருக்கு மேலே குடை நடக்கூடாது என்கிறான், இந்தக் காவலர் ஏன் விசில் அடிக்கிறார் என்பது இரண்டும் ஒன்றுதான் என்று அணை மேல் நின்றபோது விளங்கியது. அங்கே முட்டையைக் காப்பாற்ற மனுஷனை நிறுத்துகிறார்கள். இங்கே முட்டை, மனுஷன் இருவரையும் காப்பாற்ற!

"போன வருஷம்கூட நாலு பசங்க. பாட்டில் வேற. தண்ணிக்குள்ள எறங்கறேன்னு ஒரே சண்டை" என்றார் காவலர். "முதலைய விடுங்க. உள்ள சேறு. கால் வெச்சா எடுக்க முடியாது. அதச் சொன்னா, 'எனக்கு நீச்சல் தெரியும்'ங்கறாங்க. சேத்துக்கு நீச்சல் தெரியுமுங்களா?"

அணைக்குப் பக்கத்திலேயே முதலைப் பண்ணை. தோலுக்காகச் சுட்டுச் சுட்டு இந்தியாவில் முதலை இனமே முடிந்துவிடும் என்ற நிலையில், 1970-களின் நடுவில் நாடு முழுக்க முதலை வளர்ப்புத் திட்டம் வந்தது. அப்போது பிறந்த பண்ணை இது. கரையிலிருந்து முட்டையை எடுத்துவந்து பொரிக்க வைத்து வளர்த்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். தொட்டி தொட்டியாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டு... சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்தவர்கள் ரூமில் தூங்குகிற மாதிரியே இருந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத் தலைவர், "ஏம்மா, இது உசுரோட இருக்குதா, பொம்மையா?" என்று சந்தேகப்பட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து முதலையின் மூக்கைப் பார்த்து வீசினார். அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர்தான் விளக்குமாற்றோடு திரும்பினார். "என்னங்க அது கோயில் உண்டியலா? போயி எடுத்துட்டு வாங்க பாக்கலாம்!" தலைவர் அசடு வழிந்துகொண்டே நகர்ந்தார்.

காசு என்றதும் ஒரு விஷயம். இந்த அமராவதி ஆற்றில் காசு போட்டவர்களில் அந்த ஆசாமி முதல் ஆள் இல்லை. இங்கிருந்து கிளம்பும் தண்ணீர் தாராபுரம் வழியாகக் கரூர் போய்க் காவிரியில் சேர்கிறது. அந்தக் கரூரில் ஆற்று மணலிலிருந்து எத்தனையோ பழங்காசுகள் கிடைத்திருக்கின்றன. ரோமானியக் காசு ஏராளம். அதோடு கிரேக்கக் காசுகளும்! நாணய ஆராய்ச்சியாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூரில் கிடைத்த ரோமர் அல்லாத அயல்நாட்டுக் காசுகளுக்கென்றே 2000-ல் தனியாக ஒரு புத்தகம் போட்டார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் உட்கார்ந்து கிரேக்க மொழியில் பூகோளம் எழுதிய தாலமி, சேர அரசன் இருக்கும் ஊர் 'கரூரா' என்று குறித்து வைத்திருக்கிறார். அது நம்ம கரூர்தான் என்பது பலருடைய கட்சி. நாம் யவனர் என்றோமே, அவர்கள் மிளகுக்கும் மணிக்கல்லுக்கும் இங்கே வந்துபோனார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கிரீஸ் பையர் அமராவதிக் கரைக்கு வந்தாயிற்று. பாக்கி வைக்காமல் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறான், அதுதான் பெரிய விஷயம்! (அக்கவுண்ட்ஸ் ஆள் என்பதால் எனக்கு இதெல்லாம்தான் கண்ணில் படும்.)

மத்தியானம் மாஸ்டர் வீட்டில் சாப்பாடு. அணைக்குக் கீழே இறங்கினதும் ஊர் பச்சையாக மாறிவிடுகிறது. நெல். திருப்பூரிலிருந்து வருகிறவனுக்கு நெல் வயலே ஒரு அதிசயம். அணை வந்தது 1957-ல்தான். ஆனால் இங்கே வாய்க்கால் பாசனம் அதற்கும் ரொம்ப முந்தியது. ராஜவாய்க்கால் என்பார்கள். எட்டு இருக்கிறது. ராமகுளம், கல்லாபுரம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு. மாஸ்டரின் அப்பா இந்த எட்டுப் பேரையும் மூச்சு விடாமல் சொன்னார். அணையில் தண்ணீர் திறந்தால் முதல் உரிமை இவற்றுக்குத்தானாம். "அணை நேத்து வந்தவன். நாங்க அதுக்கு முன்னயிருந்தே இருக்கறமுங்க" என்றார் பெரியவர், அணையே ஏதோ பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர் மாதிரி.

குழம்பு, அணை மீன். ஜிலேபி. இந்த மீன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1950-களில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அமராவதி அணைக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. பரிசலில் போய் வலை போடுகிறார்கள். சில நாள் காலையில் போய்ப் பார்த்தால் வலை கிழிந்திருக்கும். முதலையார் தன் பங்கை எடுத்துக்கொண்டு போயிருப்பார். "அதுக்கும் பசிக்குமில்லீங்க" என்று மாஸ்டரின் அம்மா எனக்கு இன்னொரு துண்டு வைத்தார்.

சாயங்காலம் பஸ்ஸுக்காக அமராவதி நகர் டீக்கடையில் நின்றோம். அதே காவலர் டியூட்டி முடிந்து வந்தார். காலையில் விசில் அடித்தவர், இப்போது நண்பனைப் பார்த்துச் சிரித்தார். டீ சொன்னோம். எந்த ஊர் என்று பேச்சு வந்தது.

"நான் மேலதானுங்க. தளிஞ்சிப் பக்கம்."

அந்தப் பேரை நான் அதுவரை கேட்டதே இல்லை. அணைக்குப் பின்னால் தெரிகிற மலைகளைப் பார்த்து 'என்ன அழகு' என்று காலையில் வாயைப் பிளந்தோமே, அந்த மலைகளுக்குள் ஊர்கள் இருக்கின்றன. தளிஞ்சி, மஞ்சம்பட்டி, மூங்கில்பள்ளம், கோடந்தூர். அந்தப் பக்கம் குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு. முதுவர்களும் புலையர்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஊர்கள். மொச்சை, கேழ்வரகு, தைலப்புல் வைத்துப் பிழைக்கிறார்கள். 2007-ல் இந்தக் காடு முழுக்க ஆனைமலை புலிகள் காப்பகத்தில் வந்துவிட்டது. மூணாறு ரோட்டில் சின்னாறு வரை நமக்குத் தார் ரோடு இருக்கிறது. தளிஞ்சிக்காரர் அந்த ரோட்டுக்கு வருவதற்குள் கூட்டாற்றைத் தாண்ட வேண்டும்.

"வெயில் காலத்துல பிரச்சினை இல்லீங்க. முழங்கால் தண்ணி. மேல மழை புடிச்சா அவ்வளவுதான். அந்தப் பக்கம் அந்தப் பக்கமே, இந்தப் பக்கம் இந்தப் பக்கமே."

"அவசரம்னா?"

"போர்வையில தொட்டில் கட்டி, ரெண்டு பக்கம் மூங்கில்ல தூக்கிக்குவோம். பிரசவம்னாலும் அதுதான், பாம்பு கடிச்சாலும் அதுதான். ஆத்துத் தண்ணி எறங்கோணுமே... அதுக்காகக் கரையில உக்காந்திருப்போம்."

சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். சொன்ன குரலில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது. காலையில் நாங்கள் தண்ணீர் இறங்கினால் மணல் தெரியும் என்று சந்தோஷப்பட்டோம். இவர்கள் தண்ணீர் இறங்கினால் ஆஸ்பத்திரி போகலாம் என்று காத்திருக்கிறார்கள்.

நண்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு நியாயம் கேட்டான். நான்கூட அதைத்தான் நினைத்தேன். "ரோடு போட்டா அப்புறம் ரிசார்ட் வரும், காரு வரும், பாட்டில் வரும். இந்த எடமே கெட்டுப் போயிருமேங்க?"

காவலர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"வரும்ங்க. ரிசார்ட் வராமப் பாத்துக்கறதுக்கு ஆபீசு இருக்குது, ஆபீசரு இருக்காரு, என்னாட்டம் ஆளு தடியோட இருக்கறான். ஆத்தத் தாண்டறதுக்கு எங்களுக்கு என்னங்க இருக்குது?"

நண்பனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், காட்டுக்குள் இருக்கிற ஊருக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு மாதிரியான காரியங்களுக்கு இடம் கொடுக்கலாம் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அளந்து அளந்துதான் எழுதியிருக்கிறார்கள். முதலையும் இருக்கணும், மனுஷனும் இருக்கணும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்ட மாதிரி தெரிகிறது. கணக்கு பேப்பரில் இருக்கிறது. பேப்பரிலிருந்து அது ஆற்றுக்கு இறங்குவதற்குத்தான் எத்தனை மழைக்காலம் ஆகும் என்று தெரியவில்லை.

கிரீஸில் மட்டும் எல்லாம் சுமுகமாக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எங்கள் நிலத்தில் நாங்கள் கட்டடம் கட்டக்கூடாதா, நஷ்டஈடு எங்கே என்று ஜாகிந்தோஸ் நிலக்காரர்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். இன்னொரு பக்கம், ஆமைக் கரையில் மொபெட் ஓட்டுகிறார்கள், வளைகுடாவில் பெடல் போட்டும் படகும் விடுகிறார்கள், அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று வழக்கு. 2002 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸ் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நமக்கு 2011 ஜனவரி, அவர்களுக்கு 2002 ஜனவரி. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. வாசிலிகோஸ்காரர் தன் வீட்டு மாடியில் நாலு ரூம் கட்டி, ஆமை பார்க்க வருகிறவனிடம் வாடகை வாங்குகிறார். ரோடு அவர் வீட்டு வாசல் வரைக்கும் போகிறது. தளிஞ்சிக்காரருக்கு இந்த முதலையாலும் இந்த அமைதியாலும் கிடைத்தது ஒரு தடியும் ஒரு விசிலும்.

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது நண்பன் தன் பையைத் திறந்து, கவர் பிரிக்காத வெயில் க்ரீமை எடுத்துக் காவலரிடம் நீட்டினான். "நாள் பூரா வெயில்ல நிக்கறீங்களே..." அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் பூசுனா யானை வருமுங்களா, ஓடுமுங்களா?" என்றார். நல்ல சந்தேகம்தான். கோடையில் யானைகள் தண்ணீர் குடிக்க இந்த அணைக்குத்தான் இறங்கி வருகின்றன. யாருக்கும் பதில் தெரியாததால் க்ரீம் திரும்பப் பைக்குள் போனது. பஸ் திரும்பும்போது பார்த்தேன். அவர் அணையைப் பார்த்து நடந்து போய்க்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவாராக இருக்கும்.

திங்கட்கிழமை காலை. ஆமை டி-ஷர்ட் பேக்கிங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. செக்கிங் அக்கா என்னைப் பார்த்ததும், "என்ன கண்ணு, பீச்சுக்குப் போனீங்களாமா? மாஸ்டர் சொன்னாரு. ஆமையப் பாத்தீங்களா?" என்றார்.

"முதலையப் பாத்தமுங்க அக்கா. நம்ம அமராவதியில."

"அதையும் ஒரு பனியன்ல போட்டா என்ன? நம்மூரு பேரும் வெளிநாடு போகுமில்ல?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நண்பனும் நானும் நேரே பிரிண்டிங் மாஸ்டரிடம் போனோம். நெஞ்சில் சின்னதாக ஒரு முதலை, கீழே 'அமராவதி நகர்'. கேட்டதும் அவர் ஸ்கிரீனைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பரிதாபமாகப் பார்த்தார்.

"நெஞ்சுல சின்ன முதலையா? ஏந் தம்பி, கம்பெனிய மூடறதுக்கு வேற வழியே கெடைக்கலையா? அதுக்கு ஒரு பிரெஞ்சுக்காரன் எப்பவோ பட்டா வாங்கி வெச்சிருக்கான்!"